குக்கர் விசில் இருக்கட்டும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கம் பதினோராவது ஸ்டேஷன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். நடிப்பு ஆசை பிடித்த புறநகர்வாசிகளுக்கு இந்தப் பதினோரு ஸ்டேஷன்தான் பல தலைமுறைகளாகப் பெரிய தூரம். அதைத் தாண்டியவர்களில் ஒருவர் ராமசாமி கணேசன். தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்தவர். 1947-ல் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். நடிகராக இல்லை. சான்ஸ் கேட்டு வருபவர்களைப் பேட்டி கண்டு, போட்டோ எடுத்து, ஆள் தேறுவாரா என்று குறிப்பு எழுதி வைக்கிற வேலைக்கு. அப்படி ஜெமினிக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்களில் சாவித்திரியும் ஒருவர். குறிப்பு எழுதியவர் ஜெமினி கணேசன் ஆனதும், 1953-ல் 'மனம்போல மாங்கல்யம்' படத்தில் அவரும் சாவித்திரியும் ஜோடி சேர்ந்ததும், அதற்கு மேல் நடந்ததும் உங்களுக்குத் தெரியும்.

ஒரு போட்டோ, இரண்டு வரிக் குறிப்பு. அன்றைய ஆடிஷன் அவ்வளவுதான். இப்போது போட்டோ நகர ஆரம்பித்துவிட்டது. செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, ஒன்றரை நிமிஷம் நடித்து, வாட்ஸப்பில் அனுப்பினால் அதற்குப் பெயர் 'செல்ஃப் டேப்'. 2020-ல் கொரோனா எல்லோரையும் வீட்டில் பூட்டியபோது உலகம் முழுக்கப் பரவிய பழக்கம். அப்புறம் யாரும் திரும்பிப் போகவில்லை. டேப் என்கிறோமே தவிர, அதில் டேப் எதுவும் கிடையாது. 'ரயில் வண்டி' மாதிரி ஒட்டிக்கொண்ட வார்த்தை.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆறு பேர் (ஒருவர் பிள்ளை இல்லை, ரிட்டையர்டு ஆசாமி) அனுப்பப் போகும் டேப்களைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லச் சொன்னார்கள். சினிமா விமர்சனம் எழுதுகிறவனுக்குப் பேட்டையில் இந்த மாதிரி மரியாதை உண்டு. ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுவேன், பெயர் போடமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில் பார்த்தேன்.

முதல் டேப் சேலையூர். பையனுக்கு ஓ.எம்.ஆரில் வேலை. 'பராசக்தி' கோர்ட் வசனத்தை ஒரு சொல் பிசகாமல், மூச்சு வாங்காமல் பேசியிருக்கிறான். தமிழ் உச்சரிப்பில் குறையே இல்லை. முடிந்ததும் எனக்குத் தோன்றியது: சிவாஜி எப்பேர்ப்பட்ட நடிகர்! இதுதான் பிரச்னை. டேப்பைப் பார்ப்பவருக்கு உன்னைப் பற்றித் தெரிந்தது என்ன? ஞாபகசக்தி இருக்கிறது, நல்ல ரசனை இருக்கிறது. இரண்டும் எல்.ஐ.சி. பரீட்சைக்குக்கூடப் போதாது.

இன்னொன்றும் உண்டு. அந்த சிவாஜியையே அன்றைக்கு எல்லோரும் கைதட்டி வரவேற்றுவிடவில்லை. ஆள் ஒல்லி, சினிமாவுக்குச் சரிப்படுமா என்று ஏவி.எம். தரப்பில் தயக்கம் இருந்தது. இவர்தான் ஹீரோ என்று ஒற்றைக்காலில் நின்றவர் பி.ஏ.பெருமாள். முதலில் எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்தார்கள். 1952 தீபாவளிக்குப் படம் வந்த பிறகு சரித்திரம் மாறிப்போனது. அதாவது, தமிழின் மிகப் பெரிய நடிகர் முதல் பார்வையில் பாஸ் ஆனவர் இல்லை. ஒருவர் நம்பினார், காத்திருந்தார். ஒன்றரை நிமிஷ டேப்புக்கு அந்த பெருமாள் கிடைப்பதில்லை. பதினைந்தாவது விநாடியில் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். எனவே அந்தப் பதினைந்து விநாடியில் சிவாஜியைக் கொண்டுவந்து நிறுத்துவது தற்கொலைக்குச் சமம்.

இரண்டாவது டேப் முடிச்சூர். இறந்த அம்மாவுக்காக அழுகிறான். பின்னணியில் வயலின், நடுவில் ஸ்லோமோஷன், கடைசியில் கறுப்பு வெள்ளை. எடிட்டருக்கு வேலை கிடைக்கலாம்.

பம்மல்காரர் ஒரே ஆளாக மூன்று வேஷம் போட்டிருக்கிறார். துண்டு தோளில் இருந்தால் அப்பா, இடுப்பில் இருந்தால் வேலைக்காரன். ஸ்கூல் ஆண்டு விழாவில் ஜெயிக்கும். ஈ.சி.ஆர். பீச்சில் ட்ரோன் வைத்து எடுத்த நாலாவது டேப்பில் நடை இருக்கிறது, புஜம் இருக்கிறது, பேச்சு இல்லை.

மாடம்பாக்கம் ரிட்டையர்டு சார் டேப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேங்க்கில் இருந்தவர். முகம் அபாரம். எந்த இயக்குநருக்கும் 'நம்ம ஹெட்மாஸ்டர் கிடைச்சுட்டார்' என்று தோன்றும். ஆனால், வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்குப் பின்னால் ஒட்டிவைத்துப் படிக்கிறார். கண்கள் இடமும் வலமும் டென்னிஸ் மேட்ச் பார்க்கின்றன. நான் அவரிடம், 'வசனத்தை விடுங்க சார், லோன் கேட்டு வந்த ஒருத்தருக்கு இல்லைன்னு சொன்ன கதையைச் சொல்லுங்க' என்றேன். சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'அந்தாளு பதிலே பேசலை, சார். தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போயிட்டார்' என்று நிறுத்தினார். அந்த நிறுத்தத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் உலகப் புகழ் பெற்ற இரண்டு ஆடிஷன்களைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டும் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. நடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஃபீஸ் கட்டிச் சேரும் எந்தக் கோர்ஸையும்விட உபயோகமானவை.

ஒன்று, 1958-ல் ஃபிரான்ஸுவா ட்ரூஃபோ எடுத்தது. பேப்பரில் விளம்பரம் கொடுத்துப் பையன்களை வரவழைத்தார். ஜான் பியர் லேவு என்ற 14 வயசுப் பையன் வந்தான். வசனம் எதுவும் கொடுக்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ட்ரூஃபோ கேள்வி கேட்கிறார், பையன் பதில் சொல்கிறான். கொஞ்சம் திமிர், கொஞ்சம் கூச்சம். கூச்சத்தை மறைக்கத் திமிரா, திமிரை மறைக்கக் கூச்சமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. '400 ப்ளோஸ்' 1959-ல் வந்தது. அதில் சீர்திருத்தப் பள்ளியில் மனநல ஆலோசகர் அவனை விசாரிக்கும் காட்சி மிகப் பிரசித்தம். கேட்பவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். பையன் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்கிறான். யோசித்துப் பார்த்தால், அது ஆடிஷனின் மறுபதிப்பு. ஆடிஷனே படத்துக்குள் புகுந்துகொண்டுவிட்டது.

இன்னொன்று, ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படத்துக்காக ஹென்றி தாமஸ் என்ற சிறுவன் செய்தது. படம் 1982-ல் வந்தது. எழுதிய காட்சி கிடையாது. உன் சிநேகிதனைக் கொண்டுபோகப் போகிறார்கள், விடாதே என்பது மட்டும்தான் சொல்லப்பட்டது. கேமராவுக்கு வெளியிலிருந்து ஒரு பெரியவர் அதிகாரியாகப் பேசுகிறார், சாதாரணக் குரலில். பையனின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வருகிறது. இங்கேதான் கவனிக்க வேண்டும். அவன் அழ முயற்சி செய்யவில்லை. அழக்கூடாது என்று முயற்சி செய்து தோற்கிறான். நம் முடிச்சூர்ப் பையன் இதற்கு நேர் எதிர். அழுகையைத் தேடித் தேடிக் கண்ணைக் கசக்குகிறான். ஹென்றி தன் செத்துப்போன நாயை நினைத்துக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னான். அது அவன் ரகசியம். நமக்குத் தெரிவது, எதிரில் இருப்பவர் சொல்வதை அவன் காது கொடுத்துக் கேட்கிறான் என்பதுதான். டேப் முடியும்போது, வேலை உனக்குத்தான் என்று ஸ்பீல்பெர்க் குரல் கேட்கிறது.

இரண்டிலும் மியூசிக் இல்லை, மேக்கப் இல்லை, வேஷம் இல்லை. ஒருத்தர் பேச, இன்னொருத்தர் கேட்கிறார். பேசுவதைவிடக் கேட்பதைத்தான் கேமரா பிடித்துவைக்கிறது. நம் ஆட்கள் அனுப்பும் டேப்களில் எதிரில் ஆளே இருப்பதில்லை. சுவரைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள். சுவர் பதிலுக்குக் கோபப்படாது.

ஆறாவது டேப் பெருங்களத்தூர். பெண்ணுக்கு இருபத்து மூன்று வயசு இருக்கும். வேலையை விட்டுவிட்டதை அம்மாவிடம் சொல்கிற காட்சி, அவளே எழுதியது. அம்மாவாகப் பேசுவது சொந்த அம்மாவே. கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, பேப்பரில் எழுதியதை ரேஷன் கார்டு படிப்பது போல் படிக்கிறார். 'ஏன்டி, சம்பளம் வந்துச்சா?' நடிப்பு துளிகூட இல்லை. அதனாலேயே பிரமாதமாக இருக்கிறது. பெண் பதில் சொல்ல வாயெடுக்கும்போது குக்கர் விசில் அடிக்கிறது. அம்மா, பழக்க தோஷத்தில், 'மூணு' என்கிறார். பெண்ணின் கண் சமையலறைப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறது. அந்த இடைவெளியில் அவள் முகத்தில் என்னவோ இறங்குகிறது. 'வேலைய விட்டுட்டேம்மா' என்கிற வரியை, எழுதி வைத்திருந்ததைவிட அரை ஸ்தாயி கீழே, ஏறக்குறைய தனக்குத்தானே சொல்கிறாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மற்றபடி இந்த டேப்பிலும் கோளாறுகள் உண்டு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் முகம் பாதி இருட்டு. (ஜன்னல் கேமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஆயிரம் ரூபாய் ரிங் லைட்டைவிடக் காலை ஒன்பது மணி வெயில் மேல்.) போனைத் தரையில் வைத்ததால் மூக்குத் துவாரம் பிரதானம். போன் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நாலு டெலிபோன் டைரக்டரி அடுக்கினால் போதும் என்று எழுதியிருப்பேன், இப்போது டைரக்டரிக்கு எங்கே போவது? அரிசி டின் போதும். போன் படுக்கைவசமாக இருக்க வேண்டும். நெஞ்சுக்கு மேல் தெரிந்தால் போதும். பின்னால் காலண்டரும் கல்யாண போட்டோவும் இல்லாத சுவர். எதிராளி லென்ஸை ஒட்டி உட்கார்ந்தால் இரண்டு கண்ணும் தெரியும். தள்ளி உட்கார்ந்தால் காதுதான் தெரியும்.

சத்தம்தான் நம் ஊரில் பெரிய வில்லன். தாம்பரம் என்றால் விமானப்படைத் தளம், பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்கும். பம்மல், பல்லாவரம் என்றால் மீனம்பாக்கம் விமானங்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் என்றால் ஏர் ஹாரன். விடியற்காலை ஐந்து மணிக்கு எடுக்கலாம் என்று சேலையூர்ப் பையன் ஐடியா கொடுத்தான். அப்போது குயில் கூவும். பரவாயில்லை. வசனத்தை அமுக்காத சத்தம் எதுவும் குற்றம் இல்லை.

பெருங்களத்தூர்ப் பெண்ணுக்கு என் கட்சி பிடிபடவில்லை. 'அங்கிள், விசில் வந்த டேக்கைத் தூக்கிடறேன். க்ளீனா மூணு டேக் எடுத்து வச்சிருக்கேன்' என்றாள். பார்த்தேன். க்ளீன்தான். ஆஸ்பத்திரி மாதிரி க்ளீன். அந்த மூன்றிலும் அம்மா அடுத்து என்ன கேட்பார் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, முகம் முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிறது.

இதைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று இருந்தது. 'க்ளீன்' டேக்குகளில் அவள் நிறம் மாறியிருந்தது. ஃபில்டர். கறுப்புப் பெண், கோதுமை நிறத்தில் மினுமினுக்கிறாள். கன்னத்தில் இருந்த சின்னத் தழும்பைக் காணோம். கூடவே, ஆரம்பத்தில் பெயர், ஊர், உயரம் சொல்கிற அறிமுகத்தில் ஊரை மாற்றியிருந்தாள். 'நான் சென்னையிலிருந்து...' குரலும் மாறியிருந்தது. எஃப்.எம். தொகுப்பாளினிக் குரல். அம்மாவிடம் பேசுகிற பெருங்களத்தூர்த் தமிழ் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டுவிட்டது.

'ஏம்மா இப்படி?' என்றேன். போனை நீட்டினாள். நடிகை தேவை என்கிற அறிவிப்பு. வயசு, உயரம், அப்புறம் 'ஃபேர்' என்று ஒரு வார்த்தை. தமிழ் சினிமாவுக்கு நிறம் பற்றிப் பேசுகிற யோக்கியதை எவ்வளவு என்பதைத் தனிக் கட்டுரையில்தான் எழுத வேண்டும். ரஜினிகாந்தில் ஆரம்பித்து விஜயகாந்த் வரை கறுப்பு ஆண்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஊர் இது. பெண்ணுக்கு மட்டும் ஃபில்டர். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால், விமர்சகனாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஃபில்டர் நிறத்தை மட்டும் மாற்றவில்லை. கண்ணைச் சுற்றிய நுணுக்கமான அசைவுகளையும் வழித்து எடுத்துவிடுகிறது. விசில் டேக்கில் நான் பார்த்த அந்த 'என்னவோ', ஃபில்டர் போட்டால் இருக்காது. தவிர, நேரில் கூப்பிட்டால் ஃபில்டரைப் போட்டுக்கொண்டு போக முடியாது. போகும்போது பெருங்களத்தூர் முகம்தான் கூட வரும்.

அவளுக்கு மைத்ரேயி ராமகிருஷ்ணன் கதையைச் சொன்னேன். கனடாவில் மிசிசாகாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். 2019-ல் மிண்டி கேலிங் ஒரு சீரியலுக்கு நாயகி தேடி ட்விட்டரில் பொது அழைப்பு விட்டார். (கேலிங் என்பது சொக்கலிங்கத்தின் வால். அப்பா தமிழர்.) நடிப்பில் முன் அனுபவம் ஸ்கூல் நாடகங்களோடு சரி. சிநேகிதி ஒருத்தி அந்த அழைப்பைக் காட்ட, இருவரும் அம்மாவின் கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லைப்ரரிக்குப் போய் டேப் எடுத்தார்கள். வந்தவை 15,000 விண்ணப்பங்கள். இன்னும் சில டேப்கள் கேட்டார்கள், அப்புறம் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கூப்பிட்டார்கள். 'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2023 வரை நாலு சீசன் ஓடியது. தேவி விஸ்வகுமார் என்ற கோபக்காரத் தமிழ்ப் பெண்ணாக அந்தக் கறுப்பு முகத்தை உலகமே பார்த்தது.

'அது அமெரிக்கா, அங்கிள்' என்றாள். நியாயம். 15,000-ல் ஒருத்தி என்றால் 14,999 பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்பதும் நியாயம். அமெரிக்காவில் வேறொன்றும் இருக்கிறது. 2023-ல் நடிகர் சங்கம் 118 நாள் ஸ்டிரைக் செய்து வாங்கிய ஒப்பந்தத்தில் செல்ஃப் டேப்புக்கும் விதிகள் உண்டு. முதல் சுற்றுக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் வசனம் கொடுக்கக்கூடாது. தயாராவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். உசத்தியான கேமரா வேண்டும் என்று கேட்கக்கூடாது. இங்கே ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வருகிறது, காலை ஒன்பதுக்குள் அனுப்பு என்று. கூடவே சில பேர் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று ஜிபே நம்பரும் அனுப்புகிறார்கள். உண்மையாகவே ஆள் தேடுகிறவர் காசு கேட்க மாட்டார். சம்பளம் கொடுக்கிறவர் எதற்கு ஃபீஸ் வாங்க வேண்டும்? அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

பக்கத்திலேயே உதாரணம் வேண்டும் என்றால், துரைப்பாக்கம் கல்லூரியில் பி.காம் படித்த ஒருவர் இருக்கிறார். துபாயில் கணக்கு எழுதி, திரும்பி வந்து கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதி, அங்கே நடிகர்களை வேடிக்கை பார்த்து, 'புதுப்பேட்டை'யில் கூட்டத்தோடு நின்று, 2010-ல் 'தென்மேற்குப் பருவக்காற்று' நாயகன் ஆன விஜய் சேதுபதி. அவருக்குக் குறும்படங்கள்தான் ஆடிஷன் டேப். கார்த்திக் சுப்பராஜின் குறும்படங்களில் நடித்தவர், 2012-ல் அவருடைய முதல் படம் 'பீட்சா'வில் ஹீரோ. பழைய குறும்படங்களைத் தேடிப் பாருங்கள். அவர் யாரையும் மாதிரி இல்லை. பேச்சில் அந்த இழுவை அப்போதே இருக்கிறது. யாரோ ஒரு வாய்ஸ் கோச் கையில் அப்போது மாட்டியிருந்தால் அதைச் சரிசெய்து தொலைத்திருப்பார்.

பெருங்களத்தூர்ப் பெண் அறிமுகத்தைத் திரும்ப எடுத்தாள். இந்தத் தடவை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பெருங்களத்தூர் என்று சொல்லி. விசில் டேக்கை அப்படியே ஒட்டினாள். வெளிச்சம் மாறியது கொஞ்சம் உறுத்துகிறது, இருக்கட்டும். 'ஃபேர்' கேட்டவர்களுக்கு அனுப்பவில்லை. வேறு ஒரு வெப்சீரிஸுக்கு, தங்கை வேஷத்துக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து, இன்னொரு காட்சி அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது. வேஷம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பதினைந்து விநாடிக்கு மேல் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தத் தடவை வசனம் படிக்கத் தம்பியை உட்கார வைக்கலாமா, அவன் நல்லா நடிப்பான் என்று கேட்டாள். வேண்டாம், அம்மாவே படிக்கட்டும் என்றேன்.